ஆள் விட்டு விசாரித்தவன்

மகனே, உன் முகவரி எனக்குத் தெரியாது. நீ அயர்லாந்துக்குப் போய் இருபது நாளாகிறது. எந்த ஊர், எந்தத் தெரு, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் உன் அம்மாவுக்குத் தெரியும். முந்தாநாள் அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். "எதுக்கு? மறுபடியும் ஆள் அனுப்பி விசாரிக்கவா?" என்றாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் உனக்கு அனுப்புகிற வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. நீ என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்பது புரியாத அளவுக்கு நான் கிழவனாகிவிடவில்லை. அதனால்தான் இதை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். நீ படிக்காவிட்டால் போகிறது. பிள்ளையை வெளிநாட்டில் யாரோ ஒருவர் வீட்டில் தங்கவைக்கக் கிளம்பியிருக்கும் இன்னொரு அப்பன் படிக்கட்டும். என்ன செய்யக்கூடாது என்று தெரிந்துகொள்ள என்னைவிட நல்ல உதாரணம் அவனுக்குக் கிடைக்காது.

உனக்குப் படிக்க இடம் கிடைத்தது, விடுதியில் இடம் கிடைக்கவில்லை. உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு தங்கிக்கொள்ளலாம், கிளம்புவதற்கு முன் இரண்டு மூன்று தடவை வீடியோவில் பேசி ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளுங்கள் என்று அங்கே கல்லூரியிலிருந்து எழுதியிருந்தார்கள். தெரிந்துகொள்வது என்றால் நம் வீட்டில் அதற்கு ஒரே ஒரு முறைதானே உண்டு! நான் வடக்கு மாடவீதிக்குப் போய் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வந்தேன். அம்மா அரக்குப் பட்டு கட்டிக்கொண்டாள். உன்னை முழுக்கைச் சட்டை போடச் சொன்னேன். லேப்டாப்புக்கு முன்னால் ஒரு தட்டில் வாழைக்காய் பஜ்ஜி. திரைக்கு அந்தப்பக்கம் இருப்பவர்கள் எடுத்துச் சாப்பிடவா போகிறார்கள் என்று நீ கேட்டாய். "மரியாதைக்குடா" என்றேன். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரையில் அந்த வீட்டுக்காரர்கள், மேரியும் டாமும், வந்தார்கள். இரண்டு பேருக்கும் அறுபதுக்கு மேல் இருக்கும். அந்த அம்மாள் பழைய ஸ்வெட்டரில் இருந்தார். சமையலறை மேசையில் பாத்திரங்கள் கழுவாமல் கிடந்தன. எனக்கு அது பிடிக்கவில்லை. பெண் கொடுக்கிற வீட்டுக்காரனைப் போல ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் கேட்டதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். காலையில் குளிப்பாயா, ராத்திரியா? காரம் இல்லாமல் சாப்பிட முடியுமா? வீட்டில் நாய் இருக்கிறதே, பயமா? நீ, "கொஞ்சம் பயம்தான், பழகிவிடும்" என்றாய். பயம் என்றெல்லாம் சொல்லாதே என்று மேசைக்கு அடியில் உன் காலை மிதித்தேன். டாம் சிரித்துவிட்டு, "எங்கள் நாயும் புது ஆளைக் கண்டால் ஒளிந்துகொள்ளும், இரண்டு பேருக்கும் சரியாக இருக்கும்" என்றார். நீ சிரித்தாய். நம் வீட்டில் நீ அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று அப்போது ஒரு கணம் தோன்றியது. தோன்றியதோடு சரி. என் கண் அவர்களுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த படத்துக்குப் போய்விட்டது. அதில் இரண்டு பையன்கள் இருந்தார்கள். ஆனால் பேச்சில் ஒரே ஒரு மகன்தான் வந்தான், டப்ளினில் வேலையில் இருக்கிறவன்.

பேசி முடித்த கையோடு உன்னிடம் கேட்டேன். "படத்துல ரெண்டு பசங்க இருந்தாங்களே, கவனிச்சியா?"

"கவனிச்சேன்ப்பா."

"ஒருத்தனைப் பத்தித்தானே பேசினாங்க? இன்னொருத்தன் எங்க?"

"சொல்லணும்னு தோணும்போது அவங்களே சொல்லுவாங்க. விடுங்கப்பா."

நான் விடவில்லை. என் பெரியப்பா பேரனோடு படித்த செந்தில் என்கிற பையன் அங்கே ஒரு மணிநேரத் தொலைவில் வேலையில் இருக்கிறான். அவன் எண்ணை வாங்கினேன். காதும் காதும் வைத்தாற்போல அந்தத் தெருவுக்குப் போய்ப் பக்கத்து வீட்டில், முனைக்கடையில் நாலு வார்த்தை கேட்டு வரச் சொன்னேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று பட்டியலே அனுப்பினேன். டாம் குடிப்பாரா, வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள், எப்போது வீட்டில் இருப்பார்கள், எப்போது வெளியே போவார்கள், இன்னொரு பையன் என்ன ஆனான். பாவம் செந்தில். அவன் கல்யாணமும் இப்படி நாலு இடத்தில் விசாரித்து நடந்ததுதான். அவனுக்கு இதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போய்விட்டான்.

தி.நகரில் ஒரு தெருவில் நின்று இந்த வீட்டுக்காரர் எப்படி என்று கேட்டுப் பார். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறையைச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவார்கள். அங்கே அந்தப் பக்கத்து வீட்டு அம்மாள் கதவைச் சாத்திவிட்டு நேராக மேரிக்குப் போன் செய்தார். யாரோ ஒரு அந்நியன் காரில் வந்து நீங்கள் எப்போது வெளியே போவீர்கள் என்று கேட்டுவிட்டுப் போகிறான் என்று. அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். செந்தில் வீடு திரும்புவதற்குள் போலீஸ் அவன் கார் எண்ணைக் குறித்துக்கொண்டது. மறுநாள் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். திருட வந்தவன் இல்லை என்று நிரூபிக்க அவன் என் பெயரைச் சொன்னான், உன் பெயரைச் சொன்னான், என் பட்டியலை எடுத்துக் காட்டினான். அதை ஆங்கிலத்தில் வாசித்தும் காட்டினானாம். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசுவதில்லை. அந்த வரிசையில் நீ இரண்டாவது ஆள்.

மேரியின் மின்னஞ்சல் வந்த அன்று நான் அடையாறில் உன் அத்தை வீட்டில் இருந்தேன். நீ போன் செய்து கேட்டுக்கொண்டு, பஸ் பிடித்து அங்கேயே வந்தாய். உட்காரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் நிலையருகிலேயே நின்று, எங்கள் இரண்டு பேருக்கும் அதைத் தமிழில் படித்துக் காட்டினாய். எனக்கு இன்னும் வரிவரியாக நினைவிருக்கிறது. எங்கள் இளைய மகன் இறந்துவிட்டான். அவன் அறையைத்தான் உனக்காக ஒழித்து வைத்தோம். அவன் போன பிறகு அந்த அறையை யாருக்காவது கொடுக்கலாம் என்று நாங்கள் நினைத்தது இதுதான் முதல் தடவை. நீ வந்து பழகிய பிறகு நாங்களே உனக்குச் சொல்லலாம் என்று இருந்தோம். இப்போது தெருவில் எல்லாரும் அதைப் பற்றி மறுபடியும் பேசுகிறார்கள். உன்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. ஆனால் இப்போதைக்கு எங்களால் முடியாது. மன்னித்துக்கொள்.

இதைக் கேட்டதும் ஒரு மனிதன் என்ன சொல்ல வேண்டும்? நான் சொன்னதை நாலு பேருக்கு முன்னால் எழுதுகிறேன், ஏனென்றால் இதை எழுதாவிட்டால் மற்றது எல்லாம் வெறும் நடிப்பு. "பாத்தியா, ஏதோ மறைக்கிறாங்கன்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்றேன். என் குரலில் ஜெயித்துவிட்ட சந்தோஷம் இருந்தது. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் கடிதம் உன் கையில் இருக்கிறது, உன் தலைக்கு மேல் இருக்கவேண்டிய கூரை போய்விட்டது, எனக்கோ நான் சொன்னது சரியாகப் போயிற்றே என்று ஒரு நிம்மதி. நீ என்னைப் பார்த்தாய். கத்தவில்லை. நீ கத்தியிருந்தால் நானும் கத்தி, இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து, சரியாகியிருக்கும். "இனிமே நான் எங்க இருக்கேன்னு உங்களுக்குத் தெரிய வேணாம்ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய்.

ஏன் இப்படி ஆனேன் என்று உனக்குச் சொன்னதில்லை. சாக்கு என்று நினைத்தால் நினைத்துக்கொள். எனக்கு இருபத்துநாலு வயதில் உன் அத்தைக்கு வரன் வந்தது. தி.நகரில் வீடு, சொந்தமாகப் பாத்திரக்கடை. உன் தாத்தா என்னைக் கூப்பிட்டு, நேரில் போய் விசாரித்து வா என்றார். அன்றைக்குச் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மேட்ச். டிக்கெட் சட்டைப்பையில் இருந்தது. அவசர அவசரமாக அந்தத் தெருவுக்குப் போய் மளிகைக்கடையில் கேட்டேன். தங்கமான குடும்பம் என்றார் கடைக்காரர். அவர் அவர்களிடம் வியாபாரம் செய்கிறவர், வேறென்ன சொல்வார்? திரும்பும்போது மரத்தடியில் வண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டேன். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா தம்பி, பொண்ணு குடுக்கப் போறீங்களா?"

"ஆமா, தங்கச்சிக்கு."

"நான் துணியத்தான் பாத்துக்கினு கீறேன், ஆள இல்ல. அந்த வூட்டுச் சட்டைங்க வாரா வாரம் பட்டன் பிச்சிக்கினு வருது. பெரியம்மா ஜாக்கெட்டு தோள்ல கிழிஞ்சி வருது. இன்னாத்துக்குன்னு நான் கேக்க முடியுமா? நீ கேட்டுக்கோ."

எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன். இஸ்திரிக்காரன் பேச்சை ஒரு பேச்சென்று வீட்டில் போய்ச் சொல்வதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேட்ச் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, "எல்லாரும் நல்லபடியாத்தான் சொல்றாங்கப்பா" என்றேன். ஆறு வருஷம் கழித்து உன் அத்தை ஒரு பையோடு திரும்பி வந்தாள். இடது கை மணிக்கட்டு அவளுக்கு இன்றைக்கும் முழுசாகத் திரும்பாது. தோசைக்கல்லைத் தூக்க அவள் ஏன் இரண்டு கையையும் உபயோகிக்கிறாள் என்று நீ சின்ன வயதில் கேட்பாயே, அதற்குப் பதில் இதுதான். அதற்குப் பிறகு யாரைப் பற்றியும் நான் அரைகுறையாக விசாரித்ததில்லை. உன் பள்ளிக்கூட ஆட்டோக்காரர் முதல் உன் கல்லூரி நண்பன் வரைக்கும், எல்லாரையும் சுற்றிச் சுற்றி விசாரித்தேன். ஒருவரைக்கூட நேருக்கு நேர் கேட்டதில்லை.

வேறொரு குடும்பத்தை நீயே தேடிப் பிடித்து விமானம் ஏறிய வாரத்தில் நான் மறுபடியும் அடையாறுக்குப் போனேன். முப்பத்தைந்து வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததை அத்தையிடம் சொல்லிவிட்டேன். அவள் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். "தெரியும்ணா" என்றாள். கல்யாணமான மூன்றாம் மாதம், துணி கொடுக்கப் போனவளிடம் அந்த இஸ்திரிக்காரரே சொல்லியிருக்கிறார். "உங்க அண்ணனாண்ட அன்னிக்கே சொன்னேனேம்மா" என்று. "அப்புறம் ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?" என்றேன். "நீயா சொல்லுவேன்னு இருந்தேன்" என்றாள். பிறகு காபியை என் பக்கம் நகர்த்தினாள். நான் குடித்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ ஒரே நாளில் திருந்தி மகானாகிவிட்டேன் என்று நினைப்பாய். விமான நிலையத்தில் அம்மாவைக் கட்டிக்கொண்டாய், அத்தையின் காலைத் தொட்டாய், எனக்குக் கை கொடுத்தாய். ஆபீஸ் மேனேஜருக்குக் கொடுப்பதைப் போல. உன் பெட்டியில் மிளகாய்ப்பொடி டப்பாவை உடையாமல் துணி சுற்றி வைத்தவன் நான். உனக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்து இசபெல்லா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து டாக்டரிடம் மழையில் தூக்கிக்கொண்டு ஓடியவனும் நான்தான். ஒரு தப்புக்கு இவ்வளவு தண்டனையா என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு தப்பு இல்லை, அது ஒரு பழக்கம் என்று உன் அம்மா சொல்கிறாள். அவள் இப்போதெல்லாம் உன் கட்சி.

ஆனாலும் அப்பன் அல்லவா, சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடுத்தவர் வீட்டில் இருக்கிறாய். சாப்பிட்ட தட்டை நீயே கழுவு. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல், நம் வீட்டில் மாதிரி விழுங்காதே. அவர்கள் சுவரில் ஒரு படம் இருந்தால், அது யார் என்று அவர்களாகச் சொல்லும்வரை இரு. இதை நான் உனக்குச் சொல்வது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும். இதை என்னிடம் முதலில் சொன்னவனே நீதானே.

நேற்று எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. உன் புது வீட்டு அம்மாள் எழுதியிருந்தார். என் மின்னஞ்சல் முகவரி அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று முதலில் புரியவில்லை. அவர் எழுதியதைப் படித்துப் புரிந்துகொண்டேன். அந்த வீட்டில் தங்குவதற்கான விண்ணப்பத்தில் பெற்றோர் எழுதவேண்டிய பக்கம் ஒன்று உண்டாமே, உங்கள் பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று? என் பெயரில் நீயே அதை எழுதியிருக்கிறாய். இத்தனை நல்ல கடிதம் எழுதிய அப்பாவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று, அதைக் கீழே ஒட்டி அனுப்பியிருந்தார்.

படித்தேன். என் மகன் அதிகம் பேச மாட்டான், அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சாப்பாடு பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டான், தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பான். அவனைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமென்றால் தயவுசெய்து அவனிடமே கேளுங்கள். நான் அப்படித்தான் செய்வேன். கேட்டால் அவன் உண்மையைச் சொல்வான். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவுதான், கீழே என் பெயர். நான் அம்மாவிடம் போய், "அவன் தட்டுல ஓரமா ஒதுக்கி வைப்பானா?" என்று கேட்டேன். "இத்தனை வருஷமா எதிர்ல உக்காந்துதானே சாப்பிடறீங்க?" என்றாள். நீ இப்படி ஒரு அப்பாவை எங்கே பார்த்தாய், எப்போதிலிருந்து மனதில் வைத்திருந்தாய்? அந்த அப்பாவின்மேல் எனக்கு வந்த பொறாமையை உனக்குச் சொல்லி முடியாது.

அந்த அம்மாளின் கையெழுத்துக்குக் கீழே வீட்டு முகவரி முழுசாக இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். பார்த்தேன். தெருப் பெயரை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தேன். பிறகு அந்த மின்னஞ்சலின் கடைசிப் பத்திக்கு வந்தேன். அதில் ஒரு கேள்வி இருந்தது. "உங்கள் மகன் எங்களோடு நன்றாக ஒட்டிக்கொண்டான். ஆனால் உங்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிட்டு எழுந்து போய்விடுகிறான். உங்களுக்கு உடம்புக்கு ஏதாவதா? அவனுக்கு அது பயமாக இருக்கிறதா? நான் தெரிந்துகொள்ளலாமா?"

கடைசியில் இரண்டு வரி எழுதி அனுப்பினேன். என் உடம்பு நன்றாக இருக்கிறது. மற்றதை அவனிடமே கேளுங்கள். அவர் கேட்பார். இன்றைக்கோ நாளைக்கோ, சாப்பாட்டு மேசையில் வைத்தோ, நடக்கும்போதோ, உன் அப்பாவோடு உனக்கு என்ன என்று உன்னிடம் நேராகவே கேட்பார். நீ உண்மையைச் சொல்வாய். அது என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இந்த ஒன்றை நான் யாரை அனுப்பியும் விசாரித்துத் தெரிந்துகொள்ள முடியாது.